ஏழு முதுகுகளும் எட்டாவதும்

டீச்சர்,

நேற்று உங்கள் மாடி அறையை மறுபடி திறந்தார்கள். தூரிகை கழுவும் டர்பன்டைன் வாசனை இன்னும் போகவில்லை. நீங்கள் காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கதவும் ஜன்னலும் பூட்டியே கிடந்ததால் வாசனைக்கும் வெளியே போக வழி இருந்திருக்காது.

படங்களைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். பெண் ஓவியர்கள் வரைந்த மனித உருவங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அடுத்த மாதம் சென்னையில், அது முடிந்ததும் கொச்சியில். நீங்கள் மெட்ராஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரைத்தான் இப்போது சென்னை என்கிறோம். அழைப்பிதழ் எனக்கு முன்பே வந்துவிட்டது. முகப்பில் உங்கள் படம் ஒன்று: ஜன்னல் கம்பிகளைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு. கீழே 'பெயர் தெரியாத பெண்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

இந்த அறைக்கு நான் முதலில் வந்தது ஒரு சின்னச் செய்திக்காக. டவுணில் பெண்கள் பள்ளி ஓவிய ஆசிரியை ஒருவரின் படம் மெட்ராஸில் தேர்வாகியிருக்கிறது, போய்ப் பார்த்து எழுது என்று பத்திரிகை ஆபீசில் சொன்னார்கள். ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த உங்கள் அண்ணன் கீழே உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடியிலதான் இருக்கா. போய்க் கேளும் வே. கதவு மட்டும் தொறந்தே இருக்கட்டும்" என்றார்.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "வெளிச்சம் போயிரும் அண்ணாச்சி. நீங்க கேளுங்க, நான் இப்படியே சொல்லுதேன்" என்றீர்கள். நிலைப்படி ஓரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து உங்கள் முதுகிடம் கேள்வி கேட்டேன். பிறகு எத்தனையோ சாயங்காலங்கள் நாம் பேசியதும் அப்படித்தான். யோசனை வந்தால் தூரிகையின் பின்முனையால் பிடரியைச் சொறிவீர்கள். அங்கே எப்போதும் ஒரு நீலத் தீற்றல் இருக்கும். உங்களுக்கு அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆற்றில் குளித்துவிட்டு வரும் தெருப் பெண்கள் உங்கள் மாடி வெயிலில் தலை உலர்த்த வருவார்கள். உங்களுக்குக் கிடைத்த மாதிரிகள் அவர்கள்தான். உட்காரச் சம்மதித்தார்கள், முகத்தை மட்டும் வரையக் கூடாது என்றார்கள். ஆகவே ஈரச்சேலையும் வெற்றுத் தோளுமாக, கூந்தலை ஒருபக்கம் தள்ளிவிட்டு, எல்லாரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மெட்ராஸ் பத்திரிகை ஒன்று, இந்தப் பெண்கள் பார்வையாளருக்கு முதுகைத் திருப்பித் தங்கள் எதிர்ப்பைச் சொல்கிறார்கள் என்று எழுதியது. நான் வாசித்துக் காட்டியபோது நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "எதிர்ப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல அண்ணாச்சி. புருஷன் வைவானேன்னு பயம்."

அதன்பிறகுதான் உங்கள் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி என்று மெட்ராஸிலிருந்து கேட்டார்கள். ஏழு படங்கள். நீங்களும் நேரில் வர வேண்டும். அண்ணனும் எப்படியோ தலையாட்டிவிட்டார், ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று. வீடு, பள்ளிக்கூடம், மறுபடி வீடு என்று இருந்த நீங்கள் அந்த வாரம் முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தீர்கள்.

பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு தடவை அவர்கள் பார்க்கட்டும் என்று தெருப் பெண்களைக் கூப்பிட்டீர்கள். ஆண்கள் கடைக்குப் போயிருந்த மத்தியான நேரம். செய்திக்காக வந்த நான் மாடிப்படியில் நின்றேன். உள்ளே ஒவ்வொரு படமாக நகரும் காலடிகள் கேட்டன. பிறகு சிரிப்பு வெடித்தது.

"ஏட்டி, இது உன் முதுகுல்லா! அந்த மச்சத்தைப் பாரு."

"இது கோமு. எலும்பை எண்ணிரலாம்."

"யக்கா, இது நீங்கதான! இடது தோளை எறக்கித்தான நடப்பிய?"

கடைசியாகச் சொன்னது உங்கள் மதினியை, அண்ணன் மனைவியைப் பார்த்து.

முகம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள். குறுக்குத்துறைப் படிக்கட்டில் எல்லாரும் ஆற்றைப் பார்த்துத்தான் குளிக்கிறார்கள், மேல்படியில் நிற்பவளுக்குக் கீழ்ப்படியில் இருப்பவளின் முதுகு பெயரைப் போலத் தெரியும் என்பதை உங்களால் அறிந்திருக்க முடியாது. உங்களை ஆற்றுக்கு அனுப்பியதே இல்லை.

"ஐயோ, அவுகளுக்குத் தெரிஞ்சா?" என்றார் மதினி.

"அவுகளுக்கா? முதுகைப் பாத்திருந்தால்லா தெரியதுக்கு!" என்றாள் கோமு. மறுபடியும் சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் அண்ணன் அவரைக் கைநீட்டி அடிப்பார் என்பது தெரு அறிந்தது.

மதினியின் முதுகும் அதில் இருக்கிறது என்று பெண்களில் யாரோ வேடிக்கையாகச் சொன்னது சாயங்காலத்துக்குள் கடைக்குப் போய்விட்டது. நான் முக்காலியில் இருந்தபோதே அண்ணன் மாடியேறி வந்தார். சுவரில் சாய்த்திருந்த ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு உங்களிடம் கேட்டார்: "இதுல அவ எது?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"அதை மட்டும் கிழிச்சிருதேன். மத்ததை அனுப்பிக்கோ. நீயும் போயிட்டு வா. வாயால கூடச் சொல்ல வேண்டாம், விரலை நீட்டு, போதும்."

"நான் யாரு முகத்தையும் பாத்து வரையலண்ணே" என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீரு இங்கனதான வே நின்னீரு? எது?"

அப்போதுதான் நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தை நான் நேராகப் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. "நான் படியில நின்னேன். ஒண்ணும் காதுல விழல" என்றேன்.

"அப்போ ஏழும் இங்கனயே கெடக்கட்டும். நீயும் இங்கனயே கெட."

டிக்கெட்டை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் நான் வந்தேன். கதவு திறந்தே இருந்தது, நீங்கள் பழையபடி ஜன்னலைப் பார்த்து நின்றீர்கள். ஒருநாள் நீங்களாகவே சொன்னீர்கள்: "விரலை நீட்டியிருந்தா மெட்ராஸைப் பாத்திருப்பேன். ஆனா வீட்டுக்குத் திரும்பி வந்து மதினி போடுத சோத்தை எப்படித் திங்கது அண்ணாச்சி?"

அண்ணனுக்கு இப்போது மூட்டுவலி, மாடி ஏற முடியாது. அதனால்தான் மதினி துணிந்து கண்காட்சிக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஏழு படங்களுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்த எட்டாவது ஒன்று இருந்தது அவர்கள் முதலில் வந்து ஃபோட்டோ எடுத்தபோதுதான் தெரிந்ததாம்; அழைப்பிதழில் இருப்பது அதுதான். நேற்று அதைக் கட்டும் முன் மதினி என்னிடம் காட்டினார்.

"யாரு அண்ணாச்சி இது? நம்ம தெருவுல இப்படி ஒருத்தி இல்லையே. படித்துறையில நான் பாக்காத முதுகா?"

பிடரியில் நீலத் தீற்றல் இருந்தது. பெயிண்ட் சிந்தியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணாடி வைத்து நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"டீச்சர்தாம்மா" என்றேன்.

மதினி அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு நாளாவது அவளை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

சென்னைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அழைப்பிதழை மாற்ற முடியாதாம். அரங்கில் படத்துக்குக் கீழே உங்கள் பெயரை வைப்பதாகச் சொன்னார்கள்.

லாரி போனபின் கீழே இறங்கினேன். அண்ணன் நாற்காலியில் இருந்தார். மதினி அவர் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, இடது தோள் சற்றே இறங்க, அடுக்களைக்கு நடந்தார். அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "இப்பமாவது சொல்லும் வே. அந்த ஏழுல எது?"

எட்டாவது யாரென்று சென்னைக்குச் சொல்லிவிட்டேன், டீச்சர். அண்ணன் கேட்டது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.