எல்லாரும் ஆமென் போட்டோம்

என் பிரியமான அம்மா,

நீ போய் நாலு வருஷமாகிறது. உன் சின்ன மகள் ஸ்டெல்லாவைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

குவைத்தில் அவள் இன்னும் நர்ஸாகத்தான் இருக்கிறாள். சித்தப்பா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் இருக்கும் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் ஒரு பைபிள் வசனப் படம் அனுப்புவாள். நான் ‘ஆமென்’ போடுவேன். ‘ஆ’ என்று தொட்டாலே மீதியையும் கும்பிடும் கையையும் போனே எடுத்துக் கொடுத்துவிடும். ஒருநாளாவது அந்த வசனத்தை முழுதாகப் படித்தேனா? நினைவில்லை.

போன மாதம் ஒருநாள் படத்தோடு, ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்றும் எழுதியிருந்தாள். நான் ஒரத்தநாட்டில் என் கடையில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லாரும் ஆமென் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. உன்னிடம் யாராவது வேண்டிக்கொள்ளச் சொன்னால், “என்ன சங்கதி, முதல்ல அதைச் சொல்லு” என்பாயே. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

நாலாம் நாள் அவளோடு தங்கியிருக்கும் பெண் போனில் பேசினாள். “அண்ணே, ஸ்டெல்லாக்காவுக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. பக்கத்துல நான்தான் இருந்தேன்.”

உடனே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனேண்ணே. ஜெபிங்கன்னு போட்டேன்ல?”

“அது எல்லாரும் எப்பவும் போடுறதுதானேன்னு…”

அவள் சொன்னாள். “முதல்ல, எனக்குப் பயமா இருக்குன்னுதான் எழுதினேன். விசுவாசம் இல்லாதவள்னு நெனச்சிருவாங்களோன்னு அழிச்சிட்டு, அதைப் போட்டேன்.”

அவள் அழித்த அந்த வரிதான் எனக்குள் குடைந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டில் ஆண்டவரிடம் பயத்தைச் சொல்லி அழுதிருக்கிறோம். சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாமல் போனது எப்போது? மற்றவர்களும் இப்படி என்னென்ன எழுதி அழித்தார்களோ?

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வரும். இன்று காலையும் படம் வந்தது. நான் பதில் போடவில்லை, கூப்பிட்டேன்.

“பயமா இருக்கா?”

“இருக்குண்ணே.”

“எனக்குந்தான்.”

போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடை திறக்கமாட்டேன், அம்மா. அவள் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்வரை லைனிலேயே இருப்பேன். முடிவு எதுவானாலும் அவள் வாயாலேயே கேட்டுக்கொள்வேன். அவளைத் தனியாக விடமாட்டேன்.

உன் மகன்,
ஸ்டெல்லாவுக்கு அண்ணன்,
அந்தோணி