மாதாவுக்கு விட்ட முதல் டப்பா

ஏற்காடு
வியாழக்கிழமை

என் கண்ணு ஷீனாவுக்கு அம்மா ஆசையா எழுதறது. மாதா புண்ணியத்துல நான் சொகமா இருக்கறேன், நீயும் மாப்பிள்ளை கிறிஸ்டோவும் என் பேரன் சின்னச்சாமி ஆசிரும் அந்தக் கனடா குளிருல சளி காய்ச்சல் இல்லாம இருக்கோணும்னு தெனமும் செபமாலையில நெனைச்சுக்கறேன். போன் இருக்கும்போது எதுக்கு இந்தம்மா காயிதம் எழுதறான்னு பாக்காத. போன்ல நீ கொஞ்சம் குரல் கம்மினாப் போதும், நான் எதுக்கும் சரின்னு தலையாட்டீருவேன். ஊட்டை வெலைக்குக் கேக்கற சேலத்து சந்திரசேகருக்கு வித்துட்டு எங்களோடவே வந்து இருந்துருங்கம்மான்னு சொன்னே, கையோட டிக்கெட்டும் போட்டு வெச்சுட்டே, மாசக் கடைசிக்குள்ள பதில் வேணும்ங்கறே. அதுக்குத்தான் நிதானமா ஒக்காந்து எழுதறேன், குறுக்க பேசாம படி.

இங்க ஒரு வாரமா ஒரே பனி. சன்னலைத் தொறந்தா மேகம் உள்ள வந்து நாற்காலியில ஒக்காந்துக்குது, எதுத்தாப்புல இருக்கற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியல. காப்பிப் பழம் செவந்துருச்சு, மிளகு இன்னும் பச்சையாத்தான் இருக்குது. நான் சாயங்காலமானா எங்கயோ போயிடறேன், போனே எடுக்கறதில்லன்னு கோவிச்சுக்கிட்டியே, எங்க போறேன்னு சொல்றேன், சிரிக்கக்கூடாது. மழைக்காலத்துல ஒருநாள் கோயில் ஹால்ல ஒதுங்கினேன். உள்ள மாரமங்கலத்துப் பொண்ணு ஒருத்தி, கீர்த்திகான்னு பேரு, காலேஜுல கம்ப்யூட்டர் படிச்சவ, பிளஸ் டூ புள்ளைங்களுக்கு சி சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தா. சி-ன்னா வெறும் ‘சி’ங்கற இங்கிலீஷ் எழுத்துதான், கம்ப்யூட்டருக்குப் புரியற பாஷையாம், அதுக்கு ஒரு முழுப் பேரு வெக்கக்கூட யாருக்கும் நேரமில்ல போல. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன்னு ஊருல வைவாங்களே, நான் மழைக்கு ஒதுங்கி வசமா மாட்டிக்கிட்டேன். பத்தாவதோட நின்ன உன் அம்மா இப்ப செமிகோலன் வெக்கறா சாமி, ஒரு வரிக்கு வெக்காம விட்டாலும் அந்த மெசினு ஒரு வேலையும் செய்யாம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது, உங்கப்பாவாட்டமே.

எல்லாமே டப்பாதான் கண்ணு. டப்பாவுக்கு ஒரு பேரு வெக்கோணும், அதுல ஒரு நம்பரைப் போட்டு வெக்கோணும். இன்ட்டுன்னு ஒரு டப்பா, அதுல முழு நம்பர் மட்டுந்தான் நிக்கும், ஏழை ரெண்டால வகுத்துப் போட்டா மூணுங்குது. மிச்சம் அரை எங்கன்னு கேட்டேன், அது போயிருச்சுங்கம்மான்னா கீர்த்திகா. ஏன் புள்ள, எங்கதான் போச்சுன்னேன், போயிருச்சுங்க அவ்வளவுதான்னுட்டா. ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த அரையையே நெனைச்சுக்கிட்டு வந்தேன். முன்னால போறவங்க முதுகு தெரியாத பனி, காணாமப் போன அரையெல்லாம் இதுக்குள்ளதான் திரியுதோன்னு தோணிப்போச்சு. இன்னொரு நாள் வொய்ல்னு ஒரு கட்டளை. ஒரு சங்கதி மெய்யா இருக்கற வரைக்கும் சொன்ன வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டே இருக்கும். நான் ஆசிர் பேரை அடிக்கச் சொல்லிட்டு, எப்ப நிறுத்தோணும்னு எழுத மறந்துட்டேன். ஆசிரு ஆசிருன்னு திரை பூரா கீழ இருந்து மேல ஓடுது, நிக்கவே இல்ல. கீர்த்திகா நிறுத்த ஓடியாந்தா, இரு புள்ள, கொஞ்சம் ஓடட்டும்னு சொல்லிட்டு கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு நொம்ப நல்லா இருந்துச்சு.

போன வாரம்தான் பெரிய கூத்து. டப்பாவை வரிசையா அடுக்கறது, அதுக்கு அரேன்னு பேரு. நம்ம ஊட்டுப் பின்னால மிளகுக் கொடி அஞ்சு இருக்குதில்ல, போன வருசம் அதுங்க காய்ச்ச எடையைப் போட அஞ்சு டப்பா எழுதினேன். மொத டப்பாவுக்கு நம்பரு பூஜ்யம், அங்கிருந்துதான் எண்ணோணும்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. ஆனா உலை வெக்கறதுக்கு முன்ன மாதாவுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து வெச்சுப் பழகின கையாச்சே, மொத டப்பாவைத் தொட மனசு வரல. அதை மாதாவுக்கு விட்டுட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன். அஞ்சாவது கொடியோட கணக்கு டப்பா வரிசையத் தாண்டி வேற யாரு எடத்துலயோ போய் விழுந்துருச்சாம். அது போவட்டும், மாதாவுக்கு விட்ட டப்பாவைப் பாத்தா அதுல ஏதோ நீளமா ஒரு நம்பரு, நான் எழுதவே இல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்து நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டேன். கீர்த்திகா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் பக்கத்துல ஒக்காந்து, நாம ஒண்ணும் வெக்காட்டி அது காலின்னு அர்த்தமில்லீங்கம்மா, அந்த எடத்துல முன்னால இருந்தது எதை விட்டுட்டுப் போச்சோ அதுதான் இருக்கும்னா. காலி ஊட்டுல ஒத்தையில எப்படிம்மா இருக்கறீங்கன்னு நீ கேட்டுக்கிட்டே இருக்கறே. உங்கப்பா போயி ரெண்டு வருசமாச்சு, ஆனா அந்த மனுசன் கோணலா அடிச்ச ஆணியிலதான் என் கொடை தொங்குது, அவரு குனிஞ்சு குனிஞ்சு வந்த நெலப்படிகிட்ட வந்தா தலை எட்டாத நானும் குனியறேன். இது காலி ஊடு இல்ல கண்ணு.

இப்ப பதிலுக்கு வர்றேன். ஆசிரைத் தூக்கோணும்னு கையெல்லாம் பரபரங்குது, பெரியவனாயி என்னை யாருன்னு கேட்டுருவானோன்னு பயமாவும் இருக்குது. அப்படி இருந்தும் நான் வரல சாமி, ஊட்டையும் விக்கல. கம்ப்யூட்டரை அங்க வந்து படிங்கம்மான்னு சொல்லுவே. படிக்கலாந்தான். ஆனா அங்க நான் உனக்கு அம்மா, அவனுக்குப் பாட்டி, அதோட முடிஞ்சுது. இங்கயும் கல்யாணமாகி வந்ததுல இருந்து எனக்கு ரைட்டரம்மான்னுதான் பேரு, எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் பொண்டாட்டிய வேற எப்படிக் கூப்பிடுவாங்க. கீர்த்திகா அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப லூர்துசெல்வின்னு கூப்பிடறா, புள்ளைங்களுக்கு நடுவுல நானும் எந்திரிச்சு நிக்கறேன். மொத நாளு என்னைத்தான்னு புரியாம ஒக்காந்திருந்தேன். உங்கப்பா போனதுக்கப்புறம் எனக்கு விடிஞ்சாலும் ஒண்ணுதான் விடியாட்டியும் ஒண்ணுதான்னு கெடந்தேன், உன்கிட்ட சொன்னதில்ல. அடுத்து பாயிண்டர்னு ஒரு பாடம் வருதாம், புள்ளைங்கெல்லாம் இப்பவே பயந்து சாவுதுங்க. எனக்கு எப்படா விடியும்னு இருக்குது.

நல்லாக் கோவிச்சுக்கோ, கொஞ்ச நாள் பேசாமகூட இரு, அப்புறம் கூப்பிடு. மாப்பிள்ளைய பனியில வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு, ஆசிரு காலுல எந்நேரமும் சாக்ஸ் இருக்கட்டும். ஆண்டவரு உங்க மூணு பேரையும் கண்ணுல வெச்சுக் காப்பாத்துவாரு. மறக்காம என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிரு, லீவுக்கு நீங்க இங்க வர்ற மாதிரி போட்டுக்கோங்க.

இப்படிக்கு,
உன் அம்மா
லூர்துசெல்வி