முதலில் யார் போடுவது

அன்பு மாப்ளே காதருக்கு,

நீ போய் ஒரு தீபாவளி சீசன் முடிந்துவிட்டது. உன் வத்தல் கடைப் பக்கம் நான் போவதில்லை. நெஞ்சுவலிதான் உன்னைக் கொண்டுபோனது. ஊர் என்னவோ, ஊசி போட்டே செத்தான் என்கிறது. எத்தனை பேரிடம் நான் மல்லுக்கட்ட?

நீ போனபிறகு நான் ஊசியை நிறுத்திவிட்டேன். "மனசுல கவலையா?" என்றார் மதுரை டாக்டர். கவுன்சிலிங் போகச் சொன்னார். மனசில் ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில்தானே நாம் பழகினோம்? நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய் என்று, அகராதியை வைத்து மருந்துப் பெட்டித் தாளைப் படித்து உனக்குச் சொன்னவன் நான். ஊசி இதைக் குணமாக்காது, அடுத்த அடி விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். போட்டால் மறுநாள் காய்ச்சல். போடாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு மருந்தை மனுஷன் எதை நம்பிப் போடுவான்?

நாம் ஒருவரையொருவர் நம்பித்தான் போட்டோம். வெள்ளிதோறும் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு நீ விருதுநகரிலிருந்து போன் போடுவாய். ஆமத்தூரில் நான் தொடையைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

"நீ முதல்ல போடுலே."

"ஏன், நீ போடேன்."

"தொடநடுங்கிப் பயலே!"

கடைசியில் நீதான் முதலில் போடுவாய். ஒருநாள்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை.

புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கால் தடுமாறியபோது, வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னார்கள். குடித்தே அறியாதவனை! நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். சொன்னால் பரிதாபப்படுவார்கள். நீ மட்டும்தான் கேட்டுவிட்டுச் சிரித்தாய். "என்னைய நேத்து கண்டக்டர் பஸ்ஸ விட்டே இறக்கிட்டான்லே" என்றாய்.

இப்போது மகன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறான். அலாரத்தோடு சண்டை போட முடியுமா? அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, அதே நேரம், உன் நம்பரிலிருந்து போன். எடுத்தால் உன் வீட்டுக்காரி மைமூன்.

"அண்ணே, போட்டீகளா?"

"இல்லம்மா."

"அவுக இருந்தா என்ன சொல்லுவாக?"

"தொடநடுங்கிம்பான்."

"நான் மரியாதைக்குச் சொல்லாம இருக்கேன்."

சிரித்துவிட்டேன் மாப்ளே. அவள் விடவில்லை. "உங்க கூத்தையெல்லாம் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? இங்கன முதல்ல போட இனி ஆளு இல்லண்ணே."

திங்கட்கிழமை மதுரைக்கு பஸ் ஏறுகிறேன். பக்கத்தில் உன் சீட்டில் எவனோ உட்காருவான். கவுன்சிலிங் எல்லாம் முடியாது. மருந்தை மட்டும் மறுபடி எழுதித் தரச் சொல்வேன். கிடைத்த அன்று மஃரிப் முடிந்ததும் மைமூனுக்கு நானே போன் போடுவேன். பேரம் பேசாமல், முதலில் நானே போட்டுக்கொள்வேன். நீ ஜெயித்துவிட்டதாக மட்டும் நினைக்காதே.

விட்டுக்கொடுக்காத உன் மாப்பிள்ளை,
ஆமத்தூர் ராமசுப்பு