அம்மா பெயரில் மட்டும்

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் மோட்டார் சைக்கிளும் நலம். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். மெயிலில் எழுதினால் இரண்டு பேரும் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது நாட்டுக்குள் வந்துவிட்டேன். எல்லையில் வண்டியின் இன்ஜின் நம்பரைப் பார்க்க ஒரு சுங்க அதிகாரி தரையில் படுத்தேவிட்டார். எழுந்ததும், ஓட்டி வந்தது யார் என்று சைகையில் கேட்டார். நான்தான் என்றேன். அப்புறமும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பாவம்.

ஒரு சின்னச் சிக்கல். நேற்று பெட்ரோல் போட்டுவிட்டுக் கார்டைக் கொடுத்தால் வேலை செய்யவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்தார்கள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. ஜாக்கெட் உள்பையில் அவசரத்துக்கென்று தைத்து வைத்திருந்த நோட்டுகளைப் பிரித்துக் கொடுத்துத் தப்பித்தேன். குடிநீர் வாரியத்தில் அத்தனை வருஷம் டைப் அடித்தேன், ஒரு டீக்குக்கூட யாரிடமும் கடன் சொன்னதில்லை.

பேங்கில் என்னவென்று கேள். அப்பா போனதும் கணக்கில் உன் பெயரையும் சேர்த்தோமே, நீ கேட்டால் சொல்வார்கள். மருமகளுக்கு இடுப்பு வலி தேவலையா?

அன்புடன்,
அம்மா


மார்ச் 6

அன்புள்ள அம்மா,

பேங்கில் கேட்டுவிட்டேன். வெளிநாட்டில் அடிக்கடி தேய்த்ததால் பாதுகாப்புக்காக அவர்களே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இனிமேல் எதுவும் நடக்குமாம்.

இதற்குத்தான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ரிடையர் ஆனவர்கள் எல்லோரும்தான் ஊர் சுற்றுகிறார்கள், பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறார்கள். ஆபீசில் நீ எங்கே என்று கேட்டால், அக்காவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்கிறேன். எனக்கு அக்காவே இல்லை. அந்த இல்லாத அக்காவுக்கு இது இரண்டாவது பிரசவம்.

சனிக்கிழமைக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வண்டியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடு. போதும்மா.

உன் மகன்,
சின்னு


மார்ச் 9

அன்புள்ள சின்னுவுக்கு,

டிக்கெட் கிடைத்தது. வண்டி என்ன செருப்பா, வாசலில் விட்டுவிட்டு வர? என் பாஸ்போர்ட்டில் வண்டிக்கும் சேர்த்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். இந்த மாசக் கடைசிக்குள் அது இந்த நாட்டை விட்டு வெளியே போகவேண்டும். போகாவிட்டால், கிளம்பும்போது வண்டிக்கு ஈடாக நான் கட்டி வைத்த டெபாசிட் அவ்வளவும் போய்விடும். அது என் பிராவிடண்ட் பண்ட் பணம்.

கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. வண்டியின் பக்கப் பெட்டிகள் இரண்டையும் ஒரு ஒர்க்‌ஷாப்காரரிடம் விற்றேன். துணிமணி இப்போது பிளாஸ்டிக் சாக்கில். லாட்ஜ்காரம்மா அறை வாடகைக்குப் பதிலாக விரிப்புகளை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆனால் ஓரம் மடங்கியிருந்தால் என்ன முகம் காட்டுவாள் என்பது தெரிந்துவிட்டது.

என் போனில் பேலன்ஸ் இல்லாததால் நேற்று அவள் போனை வாங்கி நானே பேங்குக்குப் பேசினேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். "மேடம், இது நாங்க நிறுத்தல. கணக்குல இருக்கிற இன்னொருத்தர் எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திறக்க முடியும். யாரு மேடம் அவங்க?" என்றாள்.

"என் பையன்தான்மா" என்றேன். அப்புறம் அவளே, "சாப்டீங்களா மேடம்?" என்றாள்.

நீ காலேஜில் இருந்தபோது மாசாமாசம் பணம் அனுப்பினேன். ஒரு தடவை பீஸ் கட்டாமல் கிடார் வாங்கினாய். நான் மறுபடி பீஸ் அனுப்பினேன், அப்பாவிடம் மூச்சு விடவில்லை. உன் பணத்தை நிறுத்தினால் நீ வழிக்கு வருவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பயந்துதான் செய்தாய், எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதவில்லை. கோபம் நேற்றைக்கு இருந்தது, அதை விரிப்புகளின்மேல் காட்டிவிட்டேன். இரண்டு வேலை செய். கார்டைத் திறக்கக் கையெழுத்துப் போடு. அப்படியே கணக்கிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு. இனி அது என் பெயரில் மட்டும் இருக்கட்டும். நாம் மற்ற எல்லாவற்றையும் பேசலாம்.

அம்மா


மார்ச் 15

சின்னு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? சனிக்கிழமை விமானம் என் தலைக்கு மேலேயே போயிற்று. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

விரலில் இஸ்திரிப் பெட்டி லேசாகச் சுட்டுவிட்டது. லாட்ஜ்காரம்மா பற்பசை தடவிவிட்டாள். எல்லைக்குப் போகப் பெட்ரோலுக்கு மட்டும் கடன் தருகிறேன் என்று ஜாடையில் சொல்கிறாள். வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. நீ எழுதாவிட்டால் வாங்கத்தான் வேண்டும்.

அம்மா


மார்ச் 17

அன்புள்ள அம்மா,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ திட்டியிருந்தால் மறுநாளே பதில் போட்டிருப்பேன்.

உன் கடிதத்தை உன் மருமகளும் படித்தாள். "அத்தை பயப்படல. பயந்தது நீங்க. அதுக்கு அவங்க ஏன் விரிப்பு தேய்க்கணும்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இடுப்பு வலியை மட்டும் சொல்கிறாள்.

போன் மணி அடித்தாலே நீ எங்கோ ரோட்டில் விழுந்து கிடப்பதுபோலத்தான் இருக்கும் எனக்கு. காசு இல்லாவிட்டால் திரும்பி வருவாய் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. ஊர் பெயர் தெரியாத இடத்தில் நீ கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய் என்றுகூட நினைக்கவில்லை. பேங்க் நிறுத்தியதாகப் பொய்யும் சொன்னேன்.

இன்று காலை போய் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். கார்டு சாயங்காலம் வேலை செய்யும். கணக்கு இனி உன் பெயரில் மட்டும்தான். உன் பெயருக்குக் கீழே என் பெயரைக் கோடு போட்டு அடித்தபோது என்னவோபோல இருந்தது. அது சரிதான் என்றும் தோன்றியது.

திரும்பி வரும்போது பிடித்துக்கொண்டது மழை. ஸ்கூட்டரை ஒரு மருந்துக் கடை ஓரம் நிறுத்திவிட்டு ஒதுங்கினேன். சட்டையெல்லாம் ஈரம், பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள். நீ கிளம்பி இத்தனை நாளாகிறது, எங்கே இருக்கிறாய், எப்போது வருகிறாய், எவ்வளவு செலவாயிற்று என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அங்கே மழை பெய்தால் நீ எங்கேம்மா ஒதுங்குவாய்? எழுது.

சின்னு