பஞ்சு என்று எழுதிவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீயாவது அங்கே நன்றாக இரு.

உன் அத்தானின் வைத்தியத்துக்குக் கொடுத்த மனு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. எந்தப் பொருளோடு வேலை செய்தார் என்ற இடத்தில் நான் பஞ்சு என்று எழுதியிருந்தேன். கூரைத் தகடு செய்கிற ஆலையில் பஞ்சுக்கு என்னம்மா வேலை என்று கிளார்க் சிரித்தார். எனக்கு வந்ததே ஒரு எரிச்சல்! பத்தொன்பது வருஷமாக அவரும் சரி, கூடவே மூன்று வருஷம் மூட்டை பிரித்த நீயும் சரி, அதைப் பஞ்சு என்றுதானே சொன்னீர்கள்? சட்டையெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். நான்தான் வாசலில் நின்று உதறித் துவைப்பேன்.

டாக்டரம்மா சரியான பேரை எழுதிக் கொடுத்தார். கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுதானாம். அது கிரேக்கச் சொல், அணையாதது என்று அர்த்தமாம். நெருப்பில் போட்டாலும் எரியாததற்கு இப்படி ஒரு பேரா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அதில் விளக்குத்திரி செய்வார்களாம், திரி கருகித் தீராதாம். பேர் வைத்தவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும், என் நெஞ்சுக்குள்ளும் அணையாமல்தான் எரிகிறது என்றார் உன் அத்தான். சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

நடக்காத காரியத்தைக் கல்லில் நார் உரிக்கிறது என்று சொல்லிச் சிரிப்போமே. அந்த மனுஷர் அந்த நாரில் உழன்றுதான் நமக்குச் சோறு போட்டார்.

இப்போது ஆலைக்காரர்கள், அவர் வாசல் காவலாளி, மூட்டையைத் தொட்டதே இல்லை என்கிறார்கள். கூட வேலை செய்த ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் தொழிலாளர் மருத்துவமனையில் படுக்கையும் பிராணவாயுவும் கிடைக்கும். மற்றவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் பயப்படுகிறார்கள். உன்னிடம் இரண்டு கடிதத்தில் கேட்டும் பதில் இல்லை. அந்த ஆலையில் இருந்தவன் என்று தெரிந்தால் நெஞ்சு நோய்க்காரன் என்று ஒதுக்கி, அங்கே உன் வேலை போய்விடும் என்ற பயம் உனக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கோபம் வருகிறதடா. அலைந்து அலைந்து ஓய்ந்துவிட்டேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போன மாதம் போனில் பேசும்போது நடுநடுவே இருமினாய், குளிர்தான் அக்கா என்றாய். அவரும் முதல் வருஷம் வெறும் தூசி என்றுதான் சொன்னார். என் கண்ணல்லவா, நாளைக்கே போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார். போகும்போது மறக்காமல் கல்நார் என்று சொல். பஞ்சு என்று சொல்லிவிடாதே.

மூச்சு முட்டாமல் நீ நெடுங்காலம் இருக்க வேண்டும்.

உன் அக்கா