விளம்பரத்துக்கு முன் விற்ற வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

மடு மாதாவின் துணையால் நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? போனில் சொன்னால் என் குரலைக் கேட்டு வேறு மாதிரி நினைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வீடு விற்றுக்கொடுக்கும் என் முதலாளி நபீஸ் நானா, நல்ல வீடுகளை விளம்பரம் போடுவதற்கு முன்பே தெரிந்தவர்களுக்குக் காட்டிவிடுவார். சனிக்கிழமை அப்படி ஒரு வீட்டைக் காட்ட என்னையும் கூட்டிப்போனார். அவருடைய வான், கொட்டாஞ்சேனையில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டு வாசலிலேயே நின்றது. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. சிரிப்புத்தான், அம்மா.

கதவைத் திறந்த வீட்டுக்கார யூஜினா அன்ரி என்னைக் கண்டு திகைத்துப்போனார். வாங்க வந்தவர்களுக்கு அறைகளை நான்தான் காட்டினேன். என் கட்டிலருகே நின்று அவர்களில் ஒரு பெண் கேட்டார்: “இந்த ரூம்ல ஆர் இருக்கிறது?”

“வேலைக்குப் போற பிள்ளை ஒண்டு. அவ வேற இடம் பார்த்துப் போயிடுவா,” என்றேன்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. குசினியில் அடுப்பருகே அன்ரி என் கையைப் பிடித்து அழுதார்.

“கனடாவுக்கு மகனிட்டப் போறன், பிள்ளை. உனக்குச் சொல்ல வாய் வரேல்ல. அதுதான் பேப்பரில போடாமல் விக்கச் சொன்னனான்.”

நான்தான் அவரைத் தேற்றினேன்.

பயப்படாதீர்கள். தெஹிவளையில் அறை பார்த்துத் தருவதாக நானா சொல்கிறார். இதுவரை அன்ரியின் பாத்திரங்களில்தான் சமைத்தேன். ஒரு சின்னச் சட்டி அனுப்புங்கள். யன்னலுக்குத் திரை போட உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

நானா கூப்பிடுகிறார், இன்னொரு வீடு காட்ட வேண்டும்.

உங்கள் மகள்,
ஜெனிற்றா