செக்கானூரணி தாண்டி நின்ற வண்டி

அண்ணே,

இன்று கண் ஆஸ்பத்திரியில் கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் எதிர்ச்சுவர் எழுத்தெல்லாம் கரைந்துபோனது. பதறி எழுந்த என்னை, தானாகத் தெளிந்துவிடும் என்று நர்ஸ் உட்கார்த்தினார். அந்த மங்கலுக்குள் நீங்கள்தான் வந்தீர்கள்.

எழுபதுகளின் கடைசி. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஓடிய தனியார் பஸ்ஸில் உசிலம்பட்டிக்காரர் நீங்கள் டிரைவர். மதுரைச் செல்லூர்க்காரன் நான் கண்டக்டர். நாகமலை இடப்பக்கம் தெரியத் தொடங்கியதும் மெல்ல விசிலடிப்பீர்கள். பூக்காரிகள் கூடையை இஞ்சின்மேல் வைக்க வந்தால், "பூவு வெந்துபோகும் ஆத்தா" என்று பின்னால் அனுப்புவீர்கள். அந்தக் காலைகளுக்கு ஒரு வாசம் இருந்தது: டீசலும் மல்லிகையும் கலந்த வாசம்.

உங்கள் வயிற்றுக் கோளாறு, வீட்டாரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். சாப்பிட்டதும் பிடித்து இழுக்கும், வெளிக்குப் போனால் அடங்கும், மறுபடி வரும். அதற்குப் பயந்தே வெறும் வயிற்றோடு வண்டி எடுப்பீர்கள். டாக்டரிடம் போகச் சொன்னால், "வயித்துக் கதைய எவன்கிட்டப் போயிச் சொல்ல" என்பீர்கள்.

அன்று உங்கள் மச்சினர், தனக்கு டாக்டர் எழுதிய வயிற்றுப்பிடிப்பு மாத்திரையில் கொஞ்சம் தந்திருந்தார். புறப்படும்போது ஒன்று போட்டீர்கள். வலி நிற்கவில்லை என்று வழியில் இன்னும் இரண்டு. காலையிலேயே சித்திரை வெயில் ஏறி என் சட்டை நனைந்திருந்தது. உங்கள் முகத்தில் பொட்டு வியர்வை இல்லை. செக்கானூரணியில் தண்ணீர் கேட்டபோது நாக்கு ஒட்டிப் பேச்சு குழறியது. ஊரைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டீர்கள்.

"தம்பி, எதுக்க வர்ற லாரி ஒண்ணா ரெண்டான்னு தெரியல. இனி நகத்த மாட்டேன்."

டிரைவர் தண்ணி போட்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பூ வாடுகிறது என்று பூக்காரி ஒருத்தி சத்தம் போட்டாள். தலைசுற்றல் என்று சொல்லிச் சமாளிப்போம் என்று காதோடு சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. கீழே இறங்கி எல்லோர் முன்னாலும் நின்றீர்கள்.

"எனக்கு வயிறு சரியில்ல. வலிக்கு மாத்திரை தின்னேன், கூடத் தின்னுட்டேன். கண்ணு மங்கிருச்சு. உங்கள வச்சு ஓட்ட மாட்டேன்."

பின்னால் வந்த வண்டிகளில் ஆட்களை ஏற்றிவிட்டோம். அந்தப் பூக்காரி ஏறுமுன், கூடைமேல் மூடியிருந்த ஈரத்துணியை எடுத்து உங்கள் தலையில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்றே மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மலத்தில் ரத்தம் போகிறதா, உடம்பு இளைத்ததா, கண்ணில் அழுத்த நோய் உண்டா, சிறுநீர் அடைக்கிறதா என்றெல்லாம் கேட்டார். சோதித்துப் பார்த்துவிட்டு, குடலில் புண் இல்லை, குடல் இறுகி இழுப்பதுதான் வலி என்றார். மருந்தில் குற்றமில்லை, அடுத்தவருக்கு எழுதியதை அளவு தெரியாமல் தின்றதுதான் வினை என்று சொன்னார். அதே மருந்தை உங்களுக்கு அளவாக எழுதித் தந்தார். வலி நிற்காவிட்டால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாமல் தன்னிடம் வர வேண்டும். இந்த மருந்து வியர்வையை அடக்கும் என்பதால் வெயிலில் கவனம் வேண்டும். முதலில் வண்டி எடுக்காத நாளில் குறைந்த அளவு போட்டுப் பார்க்க வேண்டும். கண் மங்கினாலோ தூக்கம் வந்தாலோ ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. உங்கள் மாத்திரையை யாருக்கும் கொடுக்கவும் கூடாது, சிறுநீர் அடைப்புள்ள பெரியவர்களுக்கு இது பெரிய ஆபத்து என்றார்.

முதலாளி கொஞ்ச நாள் வண்டி தரவில்லை. வேலை போயிற்று என்றே உங்கள் வீட்டில் நினைத்தார்கள். நீங்கள் முதலாளியிடமே நேரே போய் நோயைச் சொன்னீர்கள். மறைக்காமல் சொன்ன டிரைவரை எதற்கு விட வேண்டும் என்று அவர் கூப்பிட்டுக்கொண்டார். நீங்கள் சாப்பிட்டு வெளிக்குப் போய்வர, உசிலம்பட்டியில் வண்டி நிற்கும் நேரத்தையும் கொஞ்சம் கூட்டினார்.

குறைந்த அளவிலும் உங்களுக்குக் கண் லேசாக மங்கியது. அதனால் டாக்டரைக் கேட்டு, லீவு நாளில் மட்டும் மாத்திரை, வேலை நாளில் நேரத்துக்குக் காரமில்லாத சாப்பாடு என்று வைத்துக்கொண்டீர்கள். வயிறு முழுக்கத் தேறவில்லை. அதை ஒளித்துவைக்கும் பாடு மட்டும் தீர்ந்தது. விசில் திரும்பி வந்தது.

இப்போது நீங்கள் இல்லை. எனக்குச் சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரைகள் கூடிவிட்டன. புதிதாக எதை எழுதினாலும், குணமாகுமா என்று நான் முதலில் கேட்பதில்லை. "இதத் தின்னுட்டு நான் என்ன செய்யக் கூடாதுங்கய்யா?" என்றுதான் கேட்கிறேன். அதைக் கேட்கும்போது மட்டும் என் செல்லூர்ப் பேச்சு போய், உங்கள் உசிலம்பட்டி இழுவை வந்துவிடுகிறது அண்ணே.